அடுத்த வீட்டு ரத்தம்

மருத்துவமனைக்குப் போவதில்லை என்று மாம்பெத் முடிவு கட்டிவிட்டார். அறுத்த புல் நாரின் பகுதி மலைச்சரிவில் கிடக்கிறது. மழை வந்தால் குளிர்காலம் முழுக்க மாடு பட்டினி. ஆனால் அவர் கால் கட்டைவிரலில் ஒரு மாதமாக ஆறாத புண். அந்த ஊர்க் கணக்கில் ஐந்தாறு இருந்தால்தான் சரியான சர்க்கரை; இன்று பதினைந்தைத் தாண்டினால் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஊர் நர்ஸ் அவர் மனைவி பூபுசாராவிடம் சொல்லியிருந்தாள். சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு வீட்டில் மீதி இருந்தது இரண்டே ஸ்ட்ரிப்.

வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று மெஷினோடு கொல்லைக்குப் போனவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு துர்துபாயை விரல் நீட்டச் சொன்னார். ஊருக்கே ஆடு அறுப்பவன் துர்துபாய். சொந்த விரலில் ஊசி என்றதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எண் விழுந்தது. மாம்பெத்துக்கு மூன்று மாதமாகப் பார்வை மங்கல், அதைப் படிக்க முடியவில்லை. காளை மாதிரி இருக்கிறான், இவனுக்கு என்ன வரப்போகிறது என்று நேரே உள்ளே போய் மனைவியிடம் நீட்டினார்.

பூபுசாரா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவருடைய கம்பளிச் சட்டையை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"எவ்வளவு?"

"இருபத்தெட்டு."

அவ்வளவு ஏறினால் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். வேலிக்கு அப்பால் துர்துபாய் அரிவாள் தீட்டும் சத்தம் கேட்டது. நான்கு பிள்ளைக்காரன். சொன்னால் தன் மானம் போகும், சொல்லாவிட்டால் அவன் உயிர் போகும். தீட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"பூபுசாரா, அது என் ரத்தம் இல்ல. துர்துபாயோடது. சீக்கிரம் வா, அவனத் தூக்கணும்."

அவள் மூட்டையின் முடிச்சை நிதானமாக இறுக்கினாள். "அவருக்கு ஒண்ணுமில்ல. மெஷின்ல வந்தது அஞ்சு."

"அப்ப இருபத்தெட்டு?"

"அது நான் போட்டது. ஜாம் ஜாடி ரெண்டே நாள்ல காலி, கால்ல புண்ணு. உங்களுக்கு அஞ்சு வருமா? இப்ப உங்க விரலக் காட்டுங்க."

கடைசி ஸ்ட்ரிப். மாம்பெத் சின்னப் பிள்ளை மாதிரி விரலை நீட்டினார்.

இந்த முறை பூபுசாரா எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து, குதிரையை வண்டியில் பூட்டச் சொல்லி துர்துபாய்க்குக் குரல் கொடுத்தாள்.