எத்தனை இடி?

அந்த வீட்டில் பால் பொங்கினால் தவறு கணவர் மேல். பால் அடுப்பில் இருக்கும் நேரம் பார்த்து "ஏம்மா, என் கண்ணாடி எங்கே?" என்று கூப்பிட்டது அவர்தானே. பால் பொங்காவிட்டாலும் தவறு அவர் மேல்தான். சிலிண்டருக்குச் சொல்ல மறந்திருப்பார். இத்தனைக்கும் மனிதருக்கு உத்தியோகமே தவறு கண்டுபிடிப்பது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். நாலு வண்டிகள் ஒன்றோடொன்று மோதி நசுங்கிக் கிடந்தால், சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து, யார் மேல் எவ்வளவு தவறு என்று பேனாவை எடுத்து எழுதிவிடுவார். வெளியே நீதிபதி. வீட்டில் நிரந்தரக் குற்றவாளி.

ஒன்றே ஒன்றில்தான் அவர் கை ஓங்கியிருந்தது. கார் சாவி. நானும் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மனைவி பேச்செடுத்த அன்று மார்தட்டிச் சொன்னார்:

"இருபது வருஷம். என் வண்டியில ஒரு கீறல் உண்டா? என் மேல தப்புன்னு யாராவது ஒரு வரி எழுதட்டும். அன்னைக்கே சாவி உன்னுது."

"ஒரு வரி போதுமா?"

"அரை வரி போதும்."

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கார் முன்னாலும் பின்னாலும் நசுங்கி வீடு வந்து சேர்ந்தது. மனைவி சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தைலம் மணத்தது. என்னாச்சு என்றுகூடக் கேட்கவில்லை. நல்ல நேரம்தான் என்று அவரே ஆரம்பித்தார். சோப்பு டப்பா, தீப்பெட்டி, உப்பு ஜாடி மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"தீப்பெட்டி நான். சிக்னல்ல தேமேன்னு நிக்கிறேன். பின்னாடி உப்பு ஜாடி, அது வேன். வந்தான், இடிச்சான். அந்த வேகத்துல நான் போய் சோப்பு டப்பாவுல முட்டினேன். இதுல என் மேல என்ன தப்பு?"

"சோப்பு டப்பா யாரு?"

"டிரைவிங் ஸ்கூல் கார். யாரோ ஒரு பொம்பளை ஓட்டினா. இறங்கவே இல்லை. கையால மூஞ்சியை மூடிக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்துட்டா. மாஸ்டர்தான் இறங்கி வந்தார்."

"பாவம், பயந்திருப்பா."

"பயமா? எல்லாத்துக்கும் காரணமே அவதான்! பொசுக்குன்னு பிரேக்கைப் போட்டுட்டா."

"சிவப்பு விளக்கு எரிஞ்சுதோ?"

"எரிஞ்சுது. அதுக்காக இப்படியா நிக்கிறது?"

"நீங்கதான் ஏற்கெனவே நின்னுட்டிருந்தீங்களே. அவ எப்படி நின்னா உங்களுக்கென்ன?"

சர்வேயர் தீப்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அது... பொதுவா சொன்னேன்."

"சரி, இந்த மாதிரி கேஸ்ல நடு வண்டி நின்னுதா ஓடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வாய் நிற்காது.

"ரொம்ப சுலபம். முன் வண்டிக்காரங்களை ஒரே ஒரு கேள்வி கேட்பேன். எத்தனை இடி? ஒரே இடின்னா நடு வண்டி நின்னிருக்கு, பின்னாடி வந்தவன் தள்ளிவிட்டிருக்கான். ரெண்டு இடின்னா, நடு வண்டிக்காரன் முதல்ல தானாவே போய் முட்டியிருக்கான், அப்புறம்தான் பின்னாடி வாங்கியிருக்கான். ஆள் மாட்டினான்!"

சொல்லி முடித்ததும் மேஜையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஏனென்றால் நடந்தது இரண்டு இடி. கார் ஓட்டும்போது, ஊரார் தவறை எழுதும் அந்தப் பேனா பையிலிருந்து கீழே விழ, அதைக் குனிந்து தேடிக்கொண்டே போய் முன் காரை மெல்ல ஒரு முட்டு முட்டினார். நிமிர்வதற்குள் வேன் வந்து பின்னால் ஒரு போடு போட்டது.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் கேஸைத் தானே பார்க்கக் கூடாது என்பதால் அது சக சர்வேயரிடம் போயிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், முன் வண்டி ஓட்டின அம்மா எழுதிக் கொடுத்துட்டாங்க. ரெண்டு இடியாம்."

சர்வேயர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஆனா சார், முதல் இடி சும்மா தொட்ட மாதிரிதானாம், அதுல ஒரு சேதமும் இல்லையாம். நொறுக்கினது ரெண்டாவதுதான்னு தெளிவா எழுதியிருக்காங்க. வேன்காரரும் ஒத்துக்கிட்டார். சேதம் மொத்தமும் வேன் மேலதான். உங்க மேல ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். அப்புறம் சார், அந்தம்மாவோட விலாசம்..."

அதற்குள் போனை வைத்துவிட்டு நம் சர்வேயர் சமையலறைக்கு ஓடினார்.

"மொத்தத் தப்பும் வேன் மேலதான்! அந்த முன் வண்டிக்காரம்மா மகராசி. கால்ல விழுந்தாலும் தகும்!"

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"அப்ப அந்த ஒரு வரி?"

"எந்த... எந்த வரி?"

"முதல் இடி நடு வண்டிக்காரரோட கவனக்குறைவுன்னு ஒரு வரி. அதை எழுதும்போது மட்டும் ரெண்டு தடவை யோசிச்சேன். உண்மைதானேன்னு எழுதிட்டேன்."

சர்வேயர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மணத்த தைலம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு அடி ஒண்ணும் படலையே?"

"சுளுக்குதான். நேத்தே விட்டுடுச்சு."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஆபீசில் மானம் போகவில்லை. இவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதியில் கண்கூடக் கலங்கியது. கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்ச் சாவியை எடுத்து நீட்டியது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

"இடிச்சது நான்தான்னு எப்ப தெரிஞ்சுது? கீழே இறங்கினேனே, அப்பவா?"

"இடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். கண்ணாடியில பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு மேல தலையே இல்லாம ஒரு கார் வந்துச்சு. நம்ம வீட்டுக் காராத்தான் இருக்கும்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."