நீர்நாய் வாச்சர்

திருச்சி ஜில்லாவிலேயே நீர்நாய்க்கு மட்டும் சொந்தக்காரராகவும் மற்ற மனிதர்களுக்கெல்லாம் அந்நியராகவும் பிறந்த ஒரே ஆள் எங்கள் வாச்சர்தான். பேர் என்னவென்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் என் வீட்டுக்காரர் வலை போடுவார். நான் மீனைக் கூடையில் சுமந்துபோய்ப் பாலக்கரையில் விற்பேன். தோலுக்காக நீர்நாயைச் சுடுகிறார்கள் என்று காட்டிலாகா வாச்சரைக் காவலுக்குப் போட்டிருந்தது. வந்த முதல் நாளே, நாங்களும் அதன் மேல் கை வைக்கக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் அது கடித்துக் கிழித்த வலையைத் தூக்கிக் காட்டினார்.

"கொடுங்க, நான் முடிஞ்சு தரேன்" என்றார் வாச்சர்.

முடிந்தும் தந்தார். வலைக்கண் ஒவ்வொன்றும் ஜன்னல் அகலம். நீர்நாய் குடும்பத்தோடு போய் வரலாம். இருந்தாலும் சும்மா கிடைக்கிற கை ஆயிற்றே. எங்கள் ஆட்கள் பரணில் மக்கிக் கிடந்த வலையெல்லாம் கரைக்கு வந்தது. எல்லாம் நீர்நாய் கடித்தது என்றார்கள். நானும் ஒன்று கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார்.

"இது எலி கடிச்சதும்மா. பரவாயில்ல, எலியும் எங்க டிபார்ட்மெண்ட்தான்."

வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு கோடையில் ஆறு வற்றி, மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. நாணல் ஓரத்துப் பொந்தில் ஒரு தாயும் மூன்று குட்டிகளும். இருக்கிற மீனையும் அது தின்கிறது, பொந்தில் புகை போடலாம் என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். குட்டிகள் நீந்தும் மட்டும் பொறுங்கள், வலைப் பக்கம் அது வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார் வாச்சர். அன்று முதல் விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தகர டின்னைத் தட்டினார். நீர்நாயும் வரவில்லை, மீனும் வரவில்லை.

"வாச்சரே, நீங்க யாரைத்தான் காப்பாத்துறீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

இருபது நாள் தண்ணீரில் நின்றதில் காய்ச்சல் கண்டது. ஒரே ஒரு காலை வரவில்லை. அன்றைக்கு எங்கள் வலையில் தாய் செத்துக் கிடந்தது.

சொல்லி அனுப்பினோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். வலையை அறுக்காமல், கண் கண்ணாக விலக்கி அதை எடுத்தார். கேஸ் எழுதுவீர்களா என்று கேட்டேன்.

"யார் மேல எழுதுறது? தட்ட வேண்டிய ஆள் படுத்துக்கிட்டேனே."

குட்டிகளுக்குச் சின்ன மீன் கேட்டார். கொடுத்தேன். இரண்டு நாள் பொந்துக்கு முன்னால் மணலில் குந்தியிருந்தார். அவை தொடவில்லை. போய் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரிடமும் தணிந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு விரலைக் காட்டினார். ரத்தம் வடிந்தது.

"கடிச்சிடுச்சும்மா. மீனையும் சேத்து."

பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவர் மாதிரி நின்றார். வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு, வீட்டுக்காரருக்கென்று எப்போதும் எடுத்துவைக்கிற மீன் நடுத்துண்டை அதன் மேல் வைத்து, மணல் சுடுமுன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.