கழுகுக் குலம் எதிர்த்துக் கொடுத்த கதை

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் படகு கரையிலேயே மூழ்கட்டும். கேளுங்கள்.

அலாஸ்காவில் எங்கள் ஊர் விரிகுடாவுக்கு வசந்தத்தில் ஹெர்ரிங் மீன் முட்டையிட வரும். ஹெம்லாக் மரக் கிளைகளை வெட்டிக் கடலில் இறக்கி வைப்போம், முட்டை அதில் அப்பிக்கொள்ளும், ஊரே தின்னும். கொஞ்ச காலமாகப் பெரிய வலைக்கப்பல்கள் வந்து தாய்மீனை வயிற்று முட்டையோடு வாரிக்கொண்டு போகின்றன. ஆகவே விரிகுடாவைக் காப்பகமாக்க வேண்டும், அரசும் நாங்களும் சேர்ந்து நிர்வகிக்க வேண்டும் என்று கேட்டோம். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் ஆதரவு.

அதுதான் வினையாகிவிட்டது.

இலையுதிர்காலத்தில், ஊரார் கருத்தைக் கேட்டுவர அரசு அனுப்பிய கருத்தறி அதிகாரி விட்கம் மிதவை விமானத்தில் வந்து இறங்கினார். அந்த ஆண்டு தலைநகரில் செவிமடுப்பதுதான் நாகரிகம். அதனால் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே இறங்கினார்.

"எதிர்ப்பாளர்கள் எங்கே?"

"அப்படி யாரும் இல்லீங்க," என்றாள் மத்ரோனா. அண்டங்காக்கைக் குலத் தலைவி. கோரிக்கையை முதலில் எழுப்பியவள்.

"அது எப்படிம்மா? எதிர்ப்பு இல்லாத ஆதரவை ஆதரவுன்னு ஏத்துக்க விதியில்ல. மிரட்டி வாங்கினதோன்னு மேலிடம் கேக்கும். நாளைக்குக் கூட்டத்துல ரெண்டு தரப்பும் பேசணும். இல்லேன்னா வசந்தத்துக்கு வழக்கம்போலக் கப்பலுக்கு அனுமதி போயிடும்."

எங்களுக்கு இது பெரிய சிக்கலாகப் படவில்லை. ஊரில் இரண்டே பாதி: அண்டங்காக்கை, கழுகு. ஒரு பாதியில் பிறந்தவர் மறு பாதியில்தான் கல்யாணம் கட்ட வேண்டும். ஆக எதிர்ப்பக்கம் முழுக்க மச்சான், மச்சினிகள். இவர்கள் வீட்டை அவர்கள் கட்டிக் கொடுப்பார்கள், இவர்கள் பிணத்தை அவர்கள் அடக்கிக் கொடுப்பார்கள். அப்புறம் விருந்து வைத்து, கம்பளி போர்த்தி நன்றி சொல்வது வழக்கம்.

மத்ரோனா நேரே என் அண்ணன் ஹெர்மனிடம் வந்தாள். நாங்கள் கழுகு.

"மச்சான், எங்களுக்காகக் கொஞ்சம் எதிர்த்துக் கொடுக்கணும்."

"எவ்வளவு வேணும்?"

"அளவா இருந்தாப் போதும்."

"அளவாவா? உங்கம்மா சவப்பெட்டிய நாங்க என்ன அரைகுறையாவா செஞ்சோம், மச்சினி?"

கூட்டத்தில் ஹெர்மன் எழுந்தான். "காப்பகம் வந்தா மீன் பெருகும். மீன் பெருகினாக் கடல் பொங்கும். கடல் பொங்கினா எங்க வீடெல்லாம் முழுகும்!" என்று மார்பில் அடித்துக்கொண்டான். நானும் என் பங்குக்கு, "அரசாங்கம் சேர்ந்து நிர்வகிச்சதுல இதுவரைக்கும் எது உருப்பட்டிருக்கு?" என்று கேட்டு வைத்தேன்.

கூரை அதிரக் கைதட்டல். அண்டங்காக்கைகளும் தட்டினார்கள், வேலை சுத்தமாயிருந்தால் பாராட்டாமல் விடமாட்டோம். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவள் மத்ரோனாதான். ஹெர்மனின் மனைவி, "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் பேசி இன்னிக்குத்தான் ரசிச்சேன்" என்றாள்.

விட்கம் கைதட்டலையும் எதிர்ப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். "ஊரே பிளந்து கிடக்கிறது. இத்தனை ஆழ்ந்த வேதனையை அவசரப்பட்டு ஒதுக்க இயலாது. கோடையில் மறு கருத்தறிதல் நடைபெறும்" என்று அறிவித்தார்.

"ஐயோ! அது நாங்க கேட்டு வாங்கின எதிர்ப்புங்க!" என்று பதறினாள் மத்ரோனா.

"ஆதரிச்சவங்களே எதிர்ப்பைக் கேட்டு வாங்கினீங்களா? அப்போ உங்க ஆதரவே சந்தேகத்துக்குரியதாச்சே, அம்மா."

அதையும் குறித்துக்கொண்டு விமானம் ஏறினார்.

என்ன செய்வது? உழைத்த உழைப்புக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா? அண்டங்காக்கைகள் எங்களுக்குப் பெரிய விருந்து வைத்தார்கள். ஹெர்மனுக்கு இரட்டைக் கம்பளி. விருந்து முடிந்ததும் மத்ரோனா எழுந்து, "அடுத்த தடவை எதிர்க்கிற முறை எங்களோடது. எங்க கௌரவத்தையும் பார்ப்பீங்க" என்றாள்.

பனிக்காலம் முழுக்க மண்டபத்தில் ஒத்திகை. அழுகைக்கு ஒரு குழு, ஆவேசத்துக்கு ஒரு குழு. குறை சொல்லித் திருத்த நாங்கள். வசந்தத்தில் ஒரு நாள், மத்ரோனா காப்பகத்தைச் சபித்து உச்சத்தில் இருந்தபோது யாரோ கதவைத் திறந்து, "கப்பல் உள்ள வந்துடுச்சு! வலைய இறக்கறான்!" என்று கத்தினார்கள்.

"கதவைச் சாத்துங்கப்பா!" என்றான் ஹெர்மன். "நல்ல இடத்துல கெடுக்கிறீங்களே!"

சாத்திவிட்டோம். அவள் பேசி முடித்தபோது எங்களில் ஒருவர் கண்ணிலும் ஈரம் காயவில்லை. வெளியே வந்து பார்த்தால் விரிகுடாவில் ஒரு மீன் துள்ளவில்லை. கப்பலும் இல்லை.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். கோடையில் நடப்பதற்கும் அடுத்த கருத்தறிதலில் எதிர்ப்பது மறுபடி கழுகுகளின் முறை. முதல் பேச்சாளராக என்னைத்தான் போட்டிருக்கிறார்கள்.