தூதர் சுவரைச் சாடிய விவகாரம்

வெளிநாட்டில் நம் தூதரகத்தைப் பயங்கரவாதிகள் தாக்கினால் அரசு சும்மா இருக்காது. விசாரிக்கும். விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று நாடாளுமன்றக் குழு ஒன்று கண்காணிக்கும். குழு ஒழுங்காகக் கண்காணிக்கிறதா என்று மட்டும் நாம் கேட்கக் கூடாது. அது உரிமை மீறல்.

அப்பேர்ப்பட்ட மாண்புமிகு குழு ஒன்று போன மாதம் எங்கள் மார்த்தாண்டத்துக்கு எழுந்தருளியது. தாக்குதலைக் கண்டவர்களில், கூப்பிட்டால் வரக்கூடிய ஒரே ஆள் எங்கள் ராஜையன். அந்தத் தூதரகத்தின் சமையல்காரன். மதில் தாண்டித் தப்பியதில் கணுக்கால் ஒடிந்து ஊர் வந்து சேர்ந்தான். விசாரணை முடியும்வரை என்று அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தார்கள். கால் கூடிவிட்டது, விசாரணை முடியவில்லை. மஸ்கட்டில் ஓர் ஓட்டல் விசா எடுத்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தது. ஒரு மாதத்துக்குள் போகாவிட்டால் அந்த வேலையும் போச்சு.

குழு முதலில் சிதறால் மலைக்கோயிலைப் பார்வையிட்டது. தூதரகப் பாதுகாப்புக்கும் சமணர் குகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவனுக்கு நிர்வாகம் தெரியாது. இளநீர் குடித்து இளைப்பாறி, மதியத்துக்கு மேல் கல்யாண மண்டபத்தில் அமர்வு தொடங்கியது.

குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது; கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பத்திரிகை படித்தே தமிழ் கற்றவர். அங்கேதான் பிடித்தது சனி. எங்கள் பக்கம் சாடுவது என்றால் குதிப்பது. பத்திரிகையில் சாடுவது என்றால் கண்டிப்பது.

"என்ன நடந்தது?" என்றார் தலைவர்.

"நாலு பேரு மதிலு சாடி வந்தானுவ சார்."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "நால்வர் சுவரைக் கடுமையாகக் கண்டித்தபடி வந்தனர்."

தலைவர் நிமிர்ந்தார். "சுவரில் அப்படி என்ன குறை?"

"பொக்கம் கொறவு சார். கொஞ்சம் ஒசத்திக் கெட்டியிருந்தா இந்தப் பாடு வந்திருக்காது."

"நியாயமான விமர்சனம்தான். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"வெடி கேட்டதும் நானும் சாடினேன்."

"அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசுச் சுவரையா?"

"உயிரு போவும்லா சார்? தூதரும்தான் சாடினாரு. நான்தான் கீழ நின்னு தாங்கிப் பிடிச்சேன்."

மண்டபம் அதிர்ந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தார். "பார்த்தீர்களா, தூதரே சாடியிருக்கிறார்! அரசு பதவி விலக வேண்டும்!"

"அந்தச் சுவர் உங்கள் ஆட்சியில் கட்டியது!" என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர்.

அதன் பிறகு சுவரைத் தவிர வேறு எதுவும் பேசப்படவில்லை. ஒப்பந்தக்காரர் யார், சிமெண்ட் எந்த ரகம் என்று சாயங்காலம்வரை அலசினார்கள். அடப்பாவமே, குண்டு வைத்தவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கே அலுத்திருக்கும்.

வருவாய் ஆய்வாளர் ஞானதாசன் உள்ளூர்க்காரர். மண்டபத்தில் விஷயம் புரிந்த ஒரே அதிகாரி அவர்தான். ராஜையன் அவர் காதில் கேட்டான்: "சார், சாடுனா குதிக்கதுன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"மக்கா, எனக்குள்ள டூட்டி சாயா, பழம்பொரி. அர்த்தம் சொல்ல எனக்கு ஆர்டர் இல்ல. வாக்குமூலத்தத் திருத்தணும்னா அடுத்த அமர்வுதான். அதுவரைக்கும் பாஸ்போர்ட்டு டெல்லியில இருக்கும். வேணுமா?"

ராஜையன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டான். குழு கொண்டுவந்திருந்த பாஸ்போர்ட் அன்றைக்கே கைக்கு வந்தது.

குழுவின் அறிக்கை அவையில் ஏகமனதாக நிறைவேறியது. "நடந்தது சுவர் தொடர்பான கருத்து வேறுபாடு. இனி தூதரகச் சுவர்கள் எவரும் சாட இடமளிக்காத வகையில் கட்டப்பட வேண்டும்." எங்கள் ஜங்ஷனில் ராஜையனுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். குழுவோடு அவன் பழம்பொரி தின்னும் படம்.

புறப்படுகிற அன்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி பூங்கனி கேட்டாள்: "அந்த நாலு பேரும் ஆருன்னு கேட்டாவளா?"

"கேக்கல்ல."

"ஒருத்தனுக்க மொகத்த நல்லாக் கண்டேன்னியளே? அங்க பெறவாசலுக்குப் பால் கொண்டு வருவானே, அவன்தான்னு சொன்னியளே?"

"கண்டேன். நல்லாத் தெரியும்."

"அப்பம் நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா?"

"ஏட்டி, சொன்னா விசாரிப்பாவ. அதக் கண்காணிக்க இன்னொரு குழு வரும். அதுவரைக்கும் இந்தப் பாஸ்போர்ட்டு ஆருக்க கையில இருக்கும்?"

பூங்கனி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.