சுதந்திரத்துக்குச் செய்த சவப்பெட்டி

அடிமைத்தனத்தை எங்கள் ஊர் வெறுத்த அளவுக்கு இந்த உலகில் வேறெந்த ஊரும் வெறுத்ததில்லை. மாசசூசெட்ஸ் கரையில் சின்னத் துறைமுகம்தான். ஆனால் 1765ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், எங்கள் மதுக்கடையில் ஒரே மாலையில் "நாம என்ன அடிமைங்களா?" என்ற கேள்வி நாற்பத்தொரு முறை கேட்கப்பட்டது. எண்ணியவன் நான், ஊரின் பத்திர எழுத்தன். பத்திரம் எழுத ஆள் வராத காலம், எண்ணுவதற்கு நேரம் இருந்தது.

விஷயம் இதுதான். நவம்பர் முதல் தேதியிலிருந்து பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாமே அரசர் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும், அந்தத் தாளுக்கு வரி கட்ட வேண்டும் என்று லண்டன் பார்லிமென்ட் சட்டம் போட்டுவிட்டது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தாளை யாரும் தொடுவதில்லை என்று ஊரே சபதம் எடுத்தது.

இதன் தத்துவத்தை எங்களுக்கு விளக்கியவர் டீக்கன் நெகேமியா ஹோல்புரூக். தேவாலயத்தில் முதல் வரிசைக்காரர், ரம் காய்ச்சும் ஆலைக்குச் சொந்தக்காரர், 'சுதந்திர சபை'யின் தலைவர். அவருடைய ரம்முக்கான சர்க்கரைப்பாகு இருபது வருடமாக, சுங்கத்தாரைச் சிரமப்படுத்த மனமில்லாமல், அவர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்தே கரையிறங்கியது. அப்பேர்ப்பட்ட இளகிய மனம்.

"கேக்காம ஒருத்தன் உழைப்பை இன்னொருத்தன் எடுத்துக்கிட்டா அதுக்கு என்னய்யா பேரு?" என்று அவர் மேசைமேல் ஏறி நின்று கேட்டார்.

"அடிமைத்தனம்," என்றது கடை முழுவதும்.

வாசலில் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்த குவாக்கோவும் தலையாட்டினான். அவன் தலையாட்டியதை டீக்கனார் கவனிக்கவில்லை. குவாக்கோ அவருக்குச் சொந்தமானவன். ஆலைக்கு வேண்டிய பீப்பாய்களை எல்லாம் செய்பவன்.

டீக்கனார் வாக்குத் தவறாதவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருடம் ஒழுங்காக உழைத்தால் உனக்கு விடுதலை என்று பாதிரியார் முன்னால் குவாக்கோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பதினைந்து வருடம் முடிவது, ஆண்டவன் கிருபையால், அதே நவம்பர் முதல் தேதி. விடுதலைப் பத்திரத்தை நான் செப்டம்பரிலேயே எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அக்டோபர் கடைசி வாரம் குவாக்கோ என்னையும் கூட்டிக்கொண்டு டீக்கனாரிடம் போனான்.

"எசமான், முத்திரைச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டா ஒரு தொல்லையும் இல்லீங்க."

"குவாக்கோ, நான் என்ன தேதி சொன்னேன்?"

"நவம்பர் ஒண்ணுங்க."

"சொன்ன சொல்லை ஒரு நாள் முன்னாடி தள்ளினா அதுவும் வாக்குத் தவறுனதுதான். என்னை அந்தப் பாவத்துக்கு ஆளாக்காதே. போய் அந்தச் சவப்பெட்டி வேலையைப் பாரு."

சவப்பெட்டி சுதந்திரத்துக்கு. சட்டம் அமலுக்கு வரும் நாளில் சுதந்திரத்தை முறைப்படி அடக்கம் செய்வது என்று சபை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நல்ல ஓக் பலகை. மூன்றே நாள் அவகாசம் என்பதால் அவசரத்தில் சுத்தியல் தவறி, குவாக்கோவின் இடது கட்டைவிரல் நகம் பெயர்ந்து போனது. பெட்டி மட்டும் பழுதில்லாமல் வந்தது. மேலே 'சுதந்திரம், வயது 145' என்று வெள்ளை எழுத்தில் எழுதினோம்; எங்கள் முன்னோர் 1620இல் இந்தக் கரையில் இறங்கியதிலிருந்து கணக்கு.

நவம்பர் முதல் தேதி காலையில் தேவாலய மணியை, சாவுக்கு அடிப்பதுபோல, துணி சுற்றி அடித்தார்கள். டீக்கனார் கறுப்புக் கோட்டில் முன்னே நடந்தார். பெட்டியைத் தூக்கியவர்களில் குவாக்கோவும் ஒருவன். குழியருகே டீக்கனார் மண்டியிட்டு, பெட்டியில் காதை வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இருங்க," என்றார் கண்ணீர் மல்க. "உசுரு இருக்கு. மூச்சு கேக்குது."

முரசு முழங்கியது. சுதந்திரம் பிழைத்துக்கொண்ட மகிழ்ச்சியில் எல்லோரும் மதுக்கடைக்குப் போனார்கள். காலிக் குழியருகே நானும் குவாக்கோவும்தான் மிஞ்சினோம்.

"பெட்டிக்குள்ளே என்னதான்ப்பா வெச்சே?"

"ஆணி அடிச்சவன் நாந்தானுங்க. ஒண்ணும் வெக்கலை."

"அவருக்கு மூச்சு கேட்டுச்சாமே?"

"பலகையில காதை வெச்சா அவங்கவங்க மூச்சுதாங்க கேக்கும்."

மத்தியானம் பத்திரத்தோடு டீக்கனாரிடம் போனோம். அவர் அதை முழுவதும் படித்தார். "அருமையா எழுதியிருக்கே ரைட்டரே. ஆனா இதுல முத்திரை இல்லையே. முத்திரை இல்லாட்டி இன்னைக்கு எந்தக் கோர்ட்டுலயும் செல்லாது."

"முத்திரைத்தாள் விக்கிற அதிகாரிகிட்ட, ஊருக்குப் பயந்து ஒளிச்சு வெச்ச கட்டு ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு தாள் தர்றதா ஒத்துக்கிட்டாரு, டீக்கனார்," என்றேன் நான்.

அவர் முகம் கறுத்தது. "ஒரு தாளா? அந்த ஒரு தாள்லதான்யா அடிமைத்தனம் ஆரம்பிக்குது. குவாக்கோ, நீயே சொல்லு. உன் ஒருத்தன் விடுதலைக்காக இந்த நாட்டு விடுதலையை நான் விக்கணுமா?"

குவாக்கோ கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தபடி நின்றான். என் வீட்டு வாடகை டீக்கனாருக்குப் போவதால், நான் அவருடைய கொள்கைப் பிடிப்பை வியந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் குவாக்கோ தேசத்துக்காகக் காத்திருந்தான். எங்கள் ஊர் செய்தித்தாளும் காத்திருந்தது. முத்திரையோடு அச்சடிக்க வெட்கம், முத்திரை இல்லாமல் அச்சடிக்கப் பயம் என்று அச்சுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மே மாதம் கப்பல் வந்தது. லண்டன் பணிந்துவிட்டது, முத்திரை வரி ரத்து. ஒவ்வொரு சன்னலிலும் மெழுகுவத்தி, தெருவெல்லாம் இலவச ரம். மறுநாள் காலை குவாக்கோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். சாதாரணத் தாளில் இருந்த பழைய பத்திரத்தையே எடுத்துக்கொண்டு போனோம்.

டீக்கனார் பேனாவை மையில் தோய்த்தார். சத்தியமாகத் தோய்த்தார். பிறகு அது அந்தரத்தில் நின்றது.

"ரைட்டரே, அடிமையை விடுவிக்கிறவன் ஊருக்கு ஐம்பது பவுண்டு ஜாமீன் கட்டணும்னு ஒரு சட்டம் இருக்குல்ல?"

"இருக்கு. விடுதலையானவன் ஊருக்குப் பாரமா ஆயிடக் கூடாதுன்னு. அதைக் கண்டிப்பா வசூலிக்கணும்னு ஊர்க் கூட்டத்துல முதல்ல கை தூக்கினதே நீங்கதான்."

"அது மத்தவங்களுக்காகத் தூக்கினது. எனக்குச் சொந்தமானதை நான் விட்டுக்கொடுக்க, நான் பணம் கட்டணுமா? இதுவும் வரிதான். என்னைக் கேக்காமப் போட்ட வரி. நேத்துதான் ஒண்ணை ஒழிச்சோம், இன்னைக்கு இன்னொண்ணுக்குத் தலைகுனிஞ்சா ஊர் என்ன நெனைக்கும்?" பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னையும் யாரும் கேக்கலீங்க, எசமான்," என்றான் குவாக்கோ.

"எதைக் கேக்கலை?"

குவாக்கோ பட்டறைக்குப் போய், பாதியில் நின்ற பீப்பாய்க்கு வளையம் அடித்து முடித்தான். விடிந்து பார்த்தபோது சுத்தியல் மட்டும் ஆணியில் தொங்கியது.

டீக்கனார் ஆலையைக்கூடத் திறக்காமல் என்னிடம் ஓடி வந்தார். "எழுதுய்யா. விளம்பரம். 'ஓடிவிட்டான், குவாக்கோ என்பவன், நாற்பது வயது, பீப்பாய் வேலை தெரியும்.' தாளை வீணாக்காதே, அந்தப் பழைய பத்திரம் சும்மாதானே கெடக்கு, அதோட பின்பக்கத்துல எழுது."

எழுதினேன்.

"அடையாளம்?" என்றேன்.

"இடது கட்டைவிரல்ல நகம் இல்லை."

"எப்படிப் போச்சுன்னும் போட்டுடலாமா?"

"அது எதுக்குய்யா? 'எந்தக் காரணமும் இல்லாமல் ஓடிவிட்டான்'னு மட்டும் போடு."

அதையும் என் நல்ல கையெழுத்தில் போட்டேன். அச்சுக்கூடத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் திறந்திருந்தார்கள். எங்கள் விளம்பரம்தான் முதல் விளம்பரம். அச்சுக்காரர் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "முத்திரைச் சட்டம் இருந்திருந்தா இந்த விளம்பரத்துக்கு ரெண்டு ஷில்லிங் வரி கட்டியிருக்கணும், டீக்கனார். இப்போ ஒரு காசு கிடையாது."

டீக்கனார் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"இதுக்குத்தான்யா போராடினோம்," என்றார்.