துண்டு போர்த்திய கீபோர்டு

இன்றோடு சரி. இனி என் கம்ப்யூட்டரை என்னைத் தவிர ஒரு ஈ காக்கா தொடக்கூடாது. இப்படி ஒரு முடிவெடுக்க வைத்தது அச்சக முதலாளியின் போன்.

“என்னய்யா அனுப்பியிருக்க? ‘இதயத்திற்கு நான்கு அறைகள் உண்டு. துவைக்கிற சோப்பு ரெண்டு, பாத்திரம் தேய்க்கிற நார் ஒண்ணு.’ இது அறிவியல் பாடமா, மளிகைக் கடையா? பன்னிரண்டு மணிக்குள்ள சரியான ஃபைல் வரலேன்னா இனிமே உனக்கு வேலை கிடையாது.”

நான் புரூஃப் திருத்துபவன். இருபது வருஷம் அச்சகத்தில், எதிரே ஒருவர் மூலப்பிரதியோடு உட்கார்ந்திருக்க, கமா, முற்றுப்புள்ளி உட்பட வாய்விட்டு வாசித்தே வயிறு வளர்த்தவன். இப்போது வேலை வீட்டிலிருந்தே. வீடு என்றால் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கம்ப்யூட்டர் கூடத்தில். அதே கூடத்து சோபாவில் மனைவியின் தம்பி. வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி வந்தவன், எட்டு மாதமாகப் படுத்திருக்கிறான்.

“என் பாடத்துக்குள்ள சோப்பு லிஸ்ட் அடிச்சது யாரு?”

“நான்தான்,” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. “திறந்து கிடந்துச்சு. பேப்பர் தேட சோம்பலா இருந்துச்சு.”

“அது என் பொழைப்புடி.”

“சோப்பும் உங்க சட்டைக்குத்தான்.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. உடனே பாஸ்வேர்ட் போட்டேன். யாரும் எட்டிப் பார்க்காதபடி கீபோர்டின் மேல் துண்டைப் போர்த்தி, உள்ளே கையை விட்டு, ஒற்றை விரலால் அடித்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், மச்சினன் அதில் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“எப்படிடா திறந்த?”

“அக்கா திறந்து குடுத்தா, அத்தான்.”

இரண்டாவது பாஸ்வேர்ட். இந்த முறை துண்டு போதாதென்று தலையோடு சேர்த்துப் போர்வை. இருட்டில் தடவித் தடவி அடித்து முடித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து தையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வீட்ல மனுஷனுக்குன்னு ஒரு ரகசியம் இருக்கக்கூடாதா?”

“இருக்கட்டுமே. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?”

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைப் போட்டேன். அதற்குள் என் ஆத்திரமெல்லாம் சோபாவில் கிடந்தவன் மேல் திரும்பியிருந்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டி, அந்தத் திட்டையே இங்கிலீஷ் எழுத்தில் பாஸ்வேர்டாக்கினேன். அடித்து முடிக்கவும் முதலாளி மறுபடி போனில் கூப்பிடவும் சரியாக இருந்தது. பத்து நிமிஷம் வறுத்தெடுத்தார். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தால், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

மச்சினனைத் திட்டியது ஞாபகம் இருந்தது. எந்தத் திட்டு என்பதுதான் ஞாபகமில்லை. அவனுக்கென்று அவ்வளவு சரக்கு கைவசம் வைத்திருந்தேன். சோம்பேறி என்று அடித்தேன். திறக்கவில்லை. உதவாக்கரை, திறக்கவில்லை. வெட்டிப்பயல், அதுவும் இல்லை. மணி பதினொன்றே முக்கால். இருபது வருஷப் பிழைப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“என்னங்க, திறக்கலையா?” என்று ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள் மனைவி.

“மறந்துபோச்சு.”

“எனக்குத் தெரியும். ஆனா அந்த வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன். டேய் தம்பி, அத்தானுக்கு நீயே சொல்லுடா.”

அவன் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. “தண்டச்சோறு. அப்புறம் கமா. தடிமாடு. கடைசியில முற்றுப்புள்ளி, அத்தான்.”

அடித்தேன். திறந்தது. சோப்பையும் நாரையும் இதயத்திலிருந்து எடுத்துவிட்டு ஃபைலை அனுப்பியபோது பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. வேலை பிழைத்தது, மானம்தான் போய்விட்டது.

“சரி, உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?” என்று கத்தினேன்.

“கீபோர்டைத்தானே மூடினீங்க, வாயை மூடலையே. போர்வைக்குள்ள இருந்து ஒவ்வொண்ணா சத்தம் போட்டு வாசிச்சுக்கிட்டே அடிச்சா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும்தான் தெரியும். எழுந்திரிங்க, நானே வேற போடறேன்.”

உட்கார்ந்தாள். துண்டும் இல்லை, போர்வையும் இல்லை. பத்து விரலாலும் படபடவென்று அடித்தாள்.

“என்ன போட்ட?”

“நான் மனசுக்குள்ள வாசிக்கிறவ.”

அன்றிலிருந்து, நான் சோப்பு வாங்கி வந்தால்தான் என் கம்ப்யூட்டர் திறக்கிறது.