பன்னிரண்டு ஜோடிக் கால்கள்

வேப்பந்தட்டை,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி சவரிமுத்து அவர்களுக்கு, அங்கமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், கமலவேணி, கறவை மாடு எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நம் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் யாராவது பதிவு செய்துவிடுவார்கள் என்று பயந்து கடிதம் எழுதுகிறேன். கோயில் உபதேசியாரான நீங்கள்தான் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் ஒன்றியச் செயலாளர் வீரமணி அண்ணன் கொஞ்ச நாளாக யூடியூபில், உலகத் தலைவர்கள் கிறிஸ்தவ இறையியல் படித்து எப்படி மாறினார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைவன் என்றால் ஊழியக்காரனாம். அது முற்றிப்போய், வியாழக்கிழமை சாயங்காலம் கிளைச் செயலாளர்கள் எங்கள் பன்னிரண்டு பேரையும் மண்டபத்துக்கு வரச் சொன்னார். "அண்ணன் கால் கழுவப் போறாரு" என்று டிரைவர் சொல்ல, எங்களில் மூத்தவரான செல்லக்கண்ணு, "வயிறு சரியில்லியா? கூட்டத்த இன்னொரு நாளு வச்சிக்கலாமே" என்றார். பார்த்தால் அண்ணன் தண்ணீர்ச் சட்டியும் துண்டுமாக வருகிறார், கழுவப்போவது எங்கள் காலையாம். முப்பது வருஷமாக அவர் காலில் நாங்கள் விழுந்துதான் பழக்கம், அவர் குனிய, பதறிப்போய் நானும் குனிய, மண்டை மோதி இரண்டு பேருக்கும் வீக்கம்.

அதோடு விட்டாரா? "இந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தன் என்னைக் காட்டிக் கொடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே என் காலை மட்டும் மூன்று தரம் கழுவினார். "என்ன அங்கமுத்து, வெள்ளையாத் தூசி? நம்ம பக்கம் கரிசலாச்சே" என்றார். சிமெண்ட் லாரிக்குப் பின்னால வண்டியில வந்தேங்கன்னு சொல்லிட்டேன். நம்பினாரோ என்னவோ, அதிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. கவுன்சிலர் சீட்டு எனக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். முப்பது வருஷ விசுவாசிங்க நான், என்னைப் போய்ச் சந்தேகப்பட்டா எப்படி? உங்க வேதத்துல வர்ற பன்னெண்டு பேர்ல காட்டிக் கொடுத்தாரே ஒருத்தர், அவருக்குப் பின்னால பதவி ஏதும் கிடைச்சுதா? விவரமா எழுதுங்க.

பேரப்பிள்ளைக்கு என் ஆசி. உங்கள் மாதாவும் எங்கள் மதுரகாளியம்மனும் கலந்து பேசி எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அங்கமுத்து

பின்குறிப்பு: வியாழன் காலை நான் அரியலூர் வந்தது உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் என்று, அண்ணன் விசாரித்தால் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்புக்கல் குவாரி ஆபீசில் எதிர்க்கட்சிக்காரர்கள் எனக்குப் போர்த்திய சால்வை உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், அவர்களிடம் சீட்டு உறுதியானதும் வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கட்சியில் கால் கழுவுகிற வழக்கம் இல்லையாம், விசாரித்துவிட்டேன்.